விழுந்த பங்குகளை வாங்கலாமா? நிஃப்டியின் பழைய விலைகளைக் காசு செலவில்லாமல் திரட்டியது எப்படி

கேள்வி சின்னதுதான். ஒவ்வொரு ஜனவரியின் முதல் வர்த்தக நாளிலும், போன ஆண்டு நிஃப்டி 50-இல் (என்எஸ்இ சந்தையின் 50 பெரிய பங்குகளின் குறியீடு) அதிகமாக அடி வாங்கிய பத்துப் பங்குகளைச் சம தொகைக்கு வாங்கி, ஓராண்டு வைத்திருந்து, அடுத்த ஜனவரியில் புதிய பத்துக்கு மாறினால் என்ன ஆகும்? "நல்ல கம்பெனி விழும்போது அள்ளிப் போடு" என்று சொல்லாத ஆள் கிடையாது. சரி, 2000-லிருந்து 2024 வரை போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணக்கு பத்து வரி பைத்தான். தரவுதான் மொத்த வேலையும்.

இங்கே எழுதுவது அந்தத் தரவைப் பற்றித்தான். உத்தி லாபமா நட்டமா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: இதே கேள்விக்கு, எங்கிருந்து விலைகளை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகப் போகும். இலவசமாகக் கிடைக்கும் தரவுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் சுலபமாகக் கையில் வந்து விழும் தரவில் செத்துப்போன கம்பெனிகள் இருக்காது. நம்முடைய கேள்வியோ விழுந்த கம்பெனிகளைப் பற்றியது.

முதலில் எல்லோரும் போகும் இடம் யாஹூ ஃபைனான்ஸ். பழைய அதிகாரபூர்வ டவுன்லோட் வழியை அவர்கள் 2017-லேயே மூடிவிட்டார்கள். 2024 செப்டம்பர் வாக்கில் தளத்திலிருந்து சிஎஸ்வி இறக்குவதையும் காசு கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் ஒய்ஃபைனான்ஸ் என்ற பைத்தான் லைப்ரரி மூலம் இன்னும் எடுக்க முடிகிறது. என்எஸ்இ பங்கு என்றால் பெயருக்குப் பின்னால் ஒரு வால், பிஎஸ்இ என்றால் இன்னொரு வால், அவ்வளவுதான். இதில் இரண்டு சிக்கல். நிஃப்டி குறியீட்டின் தினசரி விலை அங்கே 2007 செப்டம்பர் 17-லிருந்துதான் தொடங்குகிறது, 2000-இன் டாட்காம் சரிவும் இல்லை, 2004 மே 17 தேர்தல் முடிவுக் களேபரமும் இல்லை. அடுத்தது இதைவிடப் பெரிது. வீட்டுக் கடன் நிறுவனமான ஹெச்டிஎஃப்சி லிமிடெட்டைக் கேட்டுப் பாருங்கள், "தரவு இல்லை, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம்" என்று பதில் வரும். பல ஆண்டுகள் நிஃப்டியில் பெரிய எடையோடு இருந்த கம்பெனி அது. 2023 ஜூலை 1-ஆம் தேதி ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது, அதோடு அதன் வரலாறும் யாஹூவிலிருந்து போய்விட்டது.

தரவுத் தொகுப்புகளைப் பகிரும் கேகிள் தளத்தில் கிடைக்கும் நிஃப்டி தொகுப்புகளிலும் இதே கோளாறு. யாரோ உழைத்துச் சேர்த்துக் கொடுத்தது, நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் இருப்பது, தொகுத்த அன்று நிஃப்டியில் இருந்த 50 பங்குகளின் பின்னோக்கிய வரலாறு. அதாவது பிழைத்து மேலே வந்தவர்களின் வரலாறு. அந்தப் பட்டியலை வைத்து "விழுந்ததை வாங்கு" என்று சோதித்தால், விழுந்த ஒவ்வொன்றும் எழுந்தே தீரும், ஏனென்றால் எழாதவை பட்டியலிலேயே இல்லை. யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் நிஃப்டி 50-இல் இருந்தவை. இன்றைய பட்டியலிலிருந்து பின்னோக்கிப் போனால் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஆகவே முதல் வேலை விலை திரட்டுவது அல்ல, எந்தத் தேதியில் எந்த 50 இருந்தது என்ற பட்டியலைச் செய்வது. நிஃப்டி குறியீடுகளை நடத்தும் நிறுவனத்தின் தளத்தில், எந்தப் பங்கு எந்தத் தேதியில் உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று ஒரு கோப்பு உண்டு. பத்திரிகைச் செய்திக் குறிப்புகளும் இருக்கின்றன. இன்றைய 50-ஐ எழுதிக்கொண்டு, ஒவ்வொரு மாற்றமாகப் பின்னோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டே போனால் எந்த நாளின் பட்டியலும் கிடைத்துவிடும். எந்தக் கட்டத்திலாவது எண்ணிக்கை 50 வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு பெயர் மாற்றம் தவறிவிட்டது என்று அர்த்தம். சில சமயம் 51 வரும், எடுத்துக்காட்டாக 2023-இல் கொஞ்ச நாள், அது பிழையில்லை, காரணம் கீழே.

தேதி துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஒன்று போதும். 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளிவந்தது, ஒரே நாளில் பங்கு 179 ரூபாய் அளவிலிருந்து 40 ரூபாய் அளவுக்கு வந்தது, ஜனவரி 12-இல் நிஃப்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஜனவரி முதல் தேதி பட்டியலில் சத்யம் இருக்கிறது. ஜனவரி கடைசியில் எடுத்த பட்டியலில் இல்லை. "ஆண்டுக்கு ஒரு பட்டியல் போதும்" என்று மாதக் கடைசிப் பட்டியலை வைத்துக்கொண்டால், இந்தியச் சந்தையின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று உங்கள் சோதனையில் நடக்கவே நடக்காது.

அப்புறம் விலைகள். இதற்கு என்எஸ்இ-யின் பாவ்காப்பியை விட நல்ல மூலம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வர்த்தக நாள் முடிவிலும் வெளியிடும் ஒரு சிறிய ஜிப் கோப்பு. அன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு விலை, எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். பங்கு வர்த்தகம் தொடங்கிய 1994 நவம்பரிலிருந்தே கிடைக்கிறது. இதன் அருமை என்னவென்றால், அது அன்றன்று எழுதி வைத்த பதிவு. பிறகு கம்பெனி திவாலானாலும் இணைந்தாலும் பெயர் மாறினாலும் அன்றைய கோப்பில் அது இருக்கும், யாரும் பின்னால் வந்து அழிக்கவில்லை. அந்தக் காலத்து மளிகைக் கடை நாள்பேரேடு போல, கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போனாலும் பக்கம் அப்படியே இருக்கும்.

இறக்குவதில் பொறுமை வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதிச் சடசடவென்று கேட்டால் தளம் கதவைச் சாத்திவிடும், கோரிக்கைக்குக் கோரிக்கை சில நொடிகள் விட்டு, இறக்கியதை உடனே வட்டில் எழுதி, ஒரே கோப்பை இரண்டாம் முறை கேட்காமல் போவதுதான் மரியாதையும்கூட. தளத்தின் விதிமுறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நம் சொந்த ஆய்வுக்கு எடுப்பது ஒன்று, தொகுத்து மற்றவருக்குக் கொடுப்பது வேறு.

கோப்புகள் எல்லாம் வந்த பிறகு, சனி ஞாயிறு நாட்களை ஸ்கிரிப்ட் தானாகவே விட்டுவிட்டிருந்தால் சில நாட்கள் காணாமல் போயிருக்கும். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் எந்தக் கிழமையிலும் வரும். பட்ஜெட்டுக்காக 2015 பிப்ரவரி 28, 2020 பிப்ரவரி 1 என்று சனிக்கிழமைகளில் சந்தை நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 20 சனிக்கிழமை முழு நாள் வர்த்தகம், திங்கள் விடுமுறை. அதனால் காலண்டரை நம்பாமல் 365 நாளையும் கேட்டு, கோப்பு இல்லாத நாளை விடுமுறை என்று குறிப்பதுதான் சரி.

2024 ஜூலை 8-லிருந்து பாவ்காப்பியின் வடிவமே மாறிவிட்டது. கோப்புப் பெயர், நெடுவரிசைப் பெயர்கள், தேதி எழுதும் முறை எல்லாம் வேறு. பழைய கோப்புகளைப் படிக்கும் ஸ்கிரிப்ட் இதைப் படிக்காது, இரண்டு வடிவத்தையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவரும் சின்ன மொழிபெயர்ப்பு அட்டவணை ஒன்று எழுத வேண்டும். இன்னொரு இடறல், சீரிஸ் என்ற நெடுவரிசை. சாதாரணப் பங்குகளுக்கு "ஈக்யூ" என்றிருக்கும், எல்லோரும் அதை மட்டும் வடிகட்டி எடுப்பார்கள். ஆனால் சிக்கலில் மாட்டும் பங்குகளைச் சந்தை கண்காணிப்புக்காக "பிஈ" பிரிவுக்கு மாற்றும், அங்கே அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே கிடையாது, டெலிவரி மட்டும்தான். ஈக்யூவை மட்டும் வடித்தால், ஒரு பங்கின் மிக மோசமான மாதங்கள் துல்லியமாகக் காணாமல் போகும். மறுபடியும் அதே கதை, விழுந்தவர்களின் பக்கம் மட்டும் கிழிகிறது.

இப்போது ஒரு பங்கை ஆண்டு ஆண்டாகக் கோப்பது. 2011 வரை இன்ஃபோசிஸ் "இன்ஃபோசிஸ் டெக்னாலஜீஸ்", அதன் சந்தைக் குறியீடும் (பங்குக்கு என்எஸ்இ வைக்கும் சுருக்கப் பெயர்) வேறு. பெயர் மாறியதும் குறியீடும் மாறியது. குறியீட்டை வைத்துக் கோத்தால் 2011 ஜூன் இறுதியில் ஒரு கம்பெனி செத்து இன்னொன்று பிறந்த மாதிரி இருக்கும். இதற்கு என்எஸ்இ-யே ஒரு குறியீட்டு மாற்றக் கோப்பு தருகிறது, பழையது, புதியது, தேதி என்று. சிலர் "ஐஎஸ்ஐஎன் எண்ணை (ஒவ்வொரு பங்குக்கும் தரும் அடையாள எண்) வைத்துக் கோத்தால் போதுமே" என்பார்கள். போதாது. நம் நாட்டில் பங்கின் முகமதிப்பு, அதாவது பத்திரத்தில் எழுதிய அடிப்படை மதிப்பு, மாறினால் ஐஎஸ்ஐஎன்னும் மாறும். ஹெச்டிஎஃப்சி வங்கி 2011-இல் 10 ரூபாய் முகமதிப்பை 2 ஆக்கியது, 2019-இல் 2-ஐ 1 ஆக்கியது. ஒரே வங்கிக்கு மூன்று ஐஎஸ்ஐஎன். போதாததற்கு மிகப் பழைய பாவ்காப்பிகளில் ஐஎஸ்ஐஎன் நெடுவரிசையே இல்லை. ஆகவே நாமே ஒரு உள் எண் கொடுத்து, குறியீடுகளையும் ஐஎஸ்ஐஎன்களையும் அதற்குக் கீழே தொங்கவிடுவதுதான் வழி. அலுப்பான வேலை, ஆனால் நிஃப்டியில் வந்து போன பங்குகள் மட்டும் என்றால் ஆயிரக்கணக்கில் இல்லை, கையால் சரிபார்க்கும் அளவுதான்.

பாவ்காப்பி விலை எதற்கும் சரிக்கட்டப்படாத விலை. 2018 செப்டம்பர் 4 அன்று இன்ஃபோசிஸ் 1,400 சொச்சத்திலிருந்து 700 சொச்சத்துக்கு வந்திருக்கும், யாரும் பதறவில்லை, அன்று 1:1 போனஸின் (ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம்) எக்ஸ் தேதி, அதாவது அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்தப் போனஸ் கிடையாது. 2014, 2015, 2018 என்று மூன்று முறை 1:1 போனஸ், 2014 நவம்பரில் வைத்திருந்த ஒரு பங்கு இன்று எட்டு. இதைச் சரிக்கட்டாமல் "போன ஆண்டு அதிகம் விழுந்த பத்து" என்று தேடினால், போனஸ் கொடுத்த நல்ல கம்பெனிகள்தான் வரிசையில் முதலில் வந்து நிற்கும்.

சரிக்கட்டுவதற்கான விவரம் என்எஸ்இ-யின் கார்ப்பரேட் ஆக்‌ஷன் பக்கத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் எண்ணாக இல்லாமல் வாக்கியமாக இருக்கிறது. புதிய பதிவுகளில் "இடைக்கால டிவிடெண்ட், பங்குக்கு 8 ரூபாய்" என்று தெளிவாக இருக்கும். பழைய பதிவுகளில் டிவிடெண்ட் சதவீதமாக இருக்கும். அது முகமதிப்பில் சதவீதம், விலையில் இல்லை. 50 சதவீத டிவிடெண்ட் என்றால் 10 ரூபாய் முகமதிப்புக்கு 5 ரூபாய், 2 ரூபாய் முகமதிப்புக்கு 1 ரூபாய். ஸ்ப்ளிட் (ஒரு பங்கை முகமதிப்பு குறைந்த பல பங்குகளாகப் பிரிப்பது) நடந்த தேதி உங்களிடம் தவறாக இருந்தால் டிவிடெண்டும் ஐந்து மடங்கு தவறும்.

டீமெர்ஜர், அதாவது கம்பெனியின் ஒரு பகுதி தனிக் கம்பெனியாகப் பிரிவது, இன்னும் நுணுக்கம். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. முந்தைய நாள் ரிலையன்ஸ் முடிவு விலை 2,841.85. அன்று காலை சிறப்பு அமர்வில் ரிலையன்ஸ் 2,580 என்று விலை கண்டது, மிச்சம் 261.85 ஜியோ ஃபைனான்ஷியலின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கோப்பை மட்டும் பார்த்தால் ஒன்பது சதவீதச் சரிவு. வைத்திருந்தவருக்கோ நட்டமே இல்லை, புதுப் பங்கு கையில் வந்திருக்கிறது. அந்த ஜியோ ஃபைனான்ஷியல்தான் நிஃப்டியில் கொஞ்ச நாள் 51-ஆவதாக உட்கார்ந்திருந்தது. போனஸை ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்கும், டீமெர்ஜரை மனிதர்தான் படித்துக் கைப்பட எழுத வேண்டும். ஹெச்டிஎஃப்சி இணைப்பும் அப்படித்தான்: 25 ஹெச்டிஎஃப்சி பங்குக்கு 42 வங்கிப் பங்கு, இந்த விகிதத்தைப் போட்டால்தான் 2023-இன் கணக்கு தொடரும்.

நான் வைத்துக்கொண்ட சோதனை எளிது. சரிக்கட்டிய பின்னும் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியதோ இறங்கியதோ எதுவாக இருந்தாலும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். சத்யம் 2009 ஜனவரி 7: உண்மை. யெஸ் வங்கி 2020 மார்ச் 6: உண்மை. 2009 மே 18-இல் குறியீடே 17.7 சதவீதம் ஏறி, ஒரு நாள் ஏற்றத்துக்கான வரம்பான மேல் சர்க்யூட்டில் மோதி வர்த்தகம் நின்றது, அன்று பல பங்குகள் பட்டியலில் வரும், அதுவும் உண்மை. காரணம் எழுத முடியாதது என்றால் அங்கே ஒரு ஸ்ப்ளிட்டோ டீமெர்ஜரோ ஒளிந்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க நிஃப்டியே வேண்டும், அதிலும் டிவிடெண்டைச் சேர்த்த டிஆர்ஐ என்ற மொத்த வருவாய்க் குறியீடு வேண்டும். அது 1999 ஜூன் இறுதியிலிருந்து நிஃப்டி குறியீடுகளின் தளத்தில் இலவசம். ஒரே அமுக்கில் மொத்தமும் வராது, துண்டு துண்டாகத் தேதி கொடுத்து எடுக்க வேண்டும். வித்தியாசம் சாதாரணமில்லை: 2024 ஜூன் இறுதியில் நிஃப்டி 24,000-ஐத் தொட்டபோது டிஆர்ஐ 35,000-ஐ ஒட்டி இருந்தது. உங்கள் உத்தியில் டிவிடெண்டைச் சேர்த்துவிட்டு, வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டால் நீங்கள் ஜெயித்த மாதிரி தெரியும். மியூச்சுவல் ஃபண்டுகளே டிஆர்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியதன் காரணமும் இதுதான்.

டிஆர்ஐ சரியா என்று குறுக்குச் சோதனை செய்ய, மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளம். எல்லாத் திட்டங்களின் என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) வரலாறும் 2006 ஏப்ரலிலிருந்து அங்கே இருக்கிறது, 90 நாள் வீதம் எடுக்கலாம். ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின் குரோத் என்ஏவியை டிஆர்ஐயோடு பக்கத்தில் வைத்தால், செலவு விகிதம் அளவுக்கு மெதுவாகப் பின்தங்கி ஓட வேண்டும். நிஃப்டி பீஸ் ஈடிஎஃப்பை எடுத்தால் ஒரு எச்சரிக்கை, 2019 டிசம்பரில் அதன் முகமதிப்பு 10-லிருந்து 1 ஆனது, விலை பத்தில் ஒன்றாகத் தெரியும்.

நிஃப்டி குறியீடுகளின் தளத்தில் நிஃப்டியின் பிஈ (விலைக்கும் லாபத்துக்குமான) விகித வரலாறும் கிடைக்கும், பலர் அதை எடுத்து "பிஈ இத்தனைக்கு மேல் போனால் விற்றுவிடு" என்று சோதிப்பார்கள். 2021 மார்ச் இறுதியில் 40-ஐ ஒட்டி இருந்த பிஈ, ஏப்ரல் தொடக்கத்தில் 33-ஐ ஒட்டி வந்தது. சந்தை விழவில்லை, தனிக் கம்பெனி லாபத்திலிருந்து குழும லாபத்துக்குக் கணக்கு முறையை மாற்றினார்கள். முன்னும் பின்னும் ஒரே கோட்டில் வரையக்கூடாத எண்கள் அவை.

தங்கத்தோடும் ஒப்பிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு: உலக வங்கியின் பிங்க் ஷீட் 1960-லிருந்து மாதாந்திர டாலர் விலை தருகிறது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெட் நடத்தும் ஃபிரெட் தளத்தில் டாலர்–ரூபாய் தினசரி மதிப்பு 1973-லிருந்து இருக்கிறது. டாலர் விலை ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு, ஆகவே இரண்டையும் பெருக்கி 31.1-ஆல் வகுத்தால் கிராம் விலை. இறக்குமதி வரி இதில் வராது, அது 2024 ஜூலையில் 15-லிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கிய மாதிரி மாறிக்கொண்டே இருப்பது, ஆகவே கடை விலையோடு ஒட்டாது. ஃபிரெட்டில் முன்பு லண்டன் தங்க விலை தினசரியே இருந்தது, 2022 ஜனவரி இறுதியில் உரிமப் பிரச்சினையால் எடுத்துவிட்டார்கள். குவாண்டல் தளத்தில் அமெரிக்கப் பங்கு விலைகள் இலவசமாக இருந்ததும் 2018-இல் நின்றுபோனது. அதனால்தான் சொல்கிறேன், இலவசத் தரவு கண்ணில் பட்ட அன்றே இறக்கி, இறக்கிய தேதியையும் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

சரி, இவ்வளவு செய்ததால் என்ன மாறியது? ஒரு வரியைக் காட்டுகிறேன். 2019-இல் நிஃப்டியில் மிக அதிகமாக விழுந்த பங்கு யெஸ் வங்கி. நம் விதிப்படி 2020 ஜனவரியில் அதை வாங்க வேண்டும், விலை 47 ரூபாயை ஒட்டி. ஆண்டு முடிவில் 18 ரூபாயை ஒட்டி. இன்றைய பட்டியலை வைத்து ஓட்டினால் இந்த வரியே கிடையாது, அதன் இடத்தில் பிழைத்த வேறொரு பங்கு உட்கார்ந்து அழகாக லாபம் காட்டும்.

பாவ்காப்பியாலும் சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது. யெஸ் வங்கியின் 2020 மார்ச் சீரமைப்புத் திட்டத்தில், 100-க்கு மேல் பங்கு வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகளை மூன்றாண்டுக்குப் பூட்டிவிட்டார்கள். 2021 ஜனவரியில் 18 ரூபாய்க்கு விற்று அடுத்த பத்துக்கு மாறியதாக என் ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்கிறது. நிஜத்தில் கால்வாசிதான் விற்க முடியும். மிச்சம் 2023 மார்ச் வரை உள்ளேயே கிடக்கும். அந்தப் பணம் 2021-இன் ஏற்றத்தில் பங்கெடுக்கவே இல்லை. இதைக் கணக்கில் கொண்டுவர, விற்க முடியாத பங்குகளுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்தேன், கம்பெனி, தொடக்கம், முடிவு, எத்தனை சதவீதம் என்று. அதில் இப்போது இருப்பது இந்த ஒரு வரிதான்.

மறுபக்கத்தில் 2009. குறியீடே 75 சதவீதத்துக்கு மேல் ஏறிய ஆண்டு அது. 2008-இல் நசுங்கிய பங்குகளை வாங்கியவருக்கு எல்லாம் சாதகமாகத் தெரியும். அதனால் எந்த முடிவையும் அந்த ஆண்டோடு ஒருமுறை, அந்த ஆண்டு இல்லாமல் ஒருமுறை என்று இரண்டாகப் பார்க்கிறேன்.

இந்தக் கை வேலை எல்லாம் வேண்டாம், சந்தை மொத்தமாக எப்படி நடந்தது என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் ஐஐஎம் அகமதாபாத் பேராசிரியர்கள் வெளியிடும் இந்தியச் சந்தை ஃபேக்டர் தரவை (சந்தையின் வருமானத்தை நிறுவன அளவு போன்ற காரணிகளாகப் பிரித்த தரவு) எடுத்துக்கொள்ளலாம். 1990-களிலிருந்து இருக்கிறது, காணாமல் போன கம்பெனிகளுக்காகச் சரிக்கட்டிய வடிவமும் தனியாகத் தருகிறார்கள், இலவசம். மூலம் சிஎம்ஐஈ-யின் புரோவெஸ் தரவுத்தளம். அதை நேரடியாக வாங்க நம்மால் ஆகாது, ஆனால் பல கல்லூரி நூலகங்கள் சந்தா கட்டியிருக்கின்றன. பொருளாதாரமோ எம்பிஏவோ படிக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிட வாரியான விலை தேடுபவர்களுக்கு ஏஞ்சல் ஒன், ஃபையர்ஸ் மாதிரி புரோக்கர்கள் கணக்கு வைத்திருப்போருக்கு ஏபிஐ இலவசமாகத் தருகிறார்கள். அதில் அண்மைய ஆண்டுகள்தான் தேறும், நம் கேள்விக்கு அது உதவாது.